இழுத்துச் செல்லும் வீடு: இரண்டில் எது?

முற்றிலும் வேறுபட்ட இரண்டு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். ஒரே அளவிலான இரண்டு வைக்கோற்போர்களுக்குச் சரிநடுவே நின்ற கழுதை, எதை முதலில் தின்பது என்று முடிவு செய்ய இயலாமல் பட்டினியால் மடிந்ததாக ஒரு கதை உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் புரிடானின் பெயரால் அது வழங்குகிறது. இன்றைய நுகர்வோரின் நிலை ஒருவகையில் அந்தக் கழுதையின் நிலையைவிட மோசம். கழுதைக்கு வைக்கோல் இலவசம். நுகர்வோருக்கோ பொருந்தாத போரைத் தேர்ந்தால் பதினைந்து ஆண்டுகள் தவணை கட்ட வேண்டிய நிலை.

இந்தத் தடுமாற்றத்தைத் தெளிவாகக் காணத்தக்க ஓர் இடம், அமெரிக்காவின் பயண டிரெய்லர் சந்தை. நம் ஊரில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் சொகுசு வண்டி நினைவுக்கு வரும். அது தானே ஓடும். அமெரிக்கக் குடும்பங்கள் விடுமுறைக்கு இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கு இயந்திரம் கிடையாது. படுக்கை, சமையலறை, கழிப்பறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை அனைத்தையும் கொண்ட ஒரு சிறு வீடு அது. பிக்கப் வண்டியோ பெரிய எஸ்யுவியோ அதை இழுத்துச் செல்லும். தேசியப் பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் உள்ள முகாம்களில் அதை நிறுத்தி நாள்கணக்கில் தங்குவார்கள்.

டெக்சஸிலும் மிச்சிகனிலும் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவும் இப்போது இதில் நாட்டம் கொண்டுள்ளன. என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் அங்கிருந்து அண்மையில் கேட்டிருந்தார்: 'ஐயா, இரண்டு மாடல்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். நீளம் ஒன்றே, அறை அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. விலையில் சில நூறு டாலர்தான் வேறுபாடு. முதல் முறையாக வாங்குகிறோம். எதை வாங்கலாம்?' இரண்டு வண்டிகளையும் பார்க்காமல் எது நல்லது என்று சொல்ல இயலாது. ஆனால் அந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைப் பொருளியல் சொல்லும். இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருக்கும்போது, முடிவைத் தீர்மானிக்கும் வேறுபாடு பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே இருக்கிறது. இழுக்கப்போகும் வாகனம், விற்பவர், வாங்கும் விதம், வாழும் முறை ஆகியவற்றில்தான் விடை கிடைக்கும்.

ஒற்றுமைக்குக் காரணம் என்ன?

இந்த டிரெய்லர்கள் ஒன்றுபோல் இருப்பது தற்செயலன்று. இவற்றில் மிகப் பெரும்பான்மையானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உருவாகின்றன. பெயர்கள் பலவாக இருந்தாலும் உரிமையாளர்கள் சிலரே. 1968-இல் தொடங்கிய ஜேகோ நிறுவனத்தை 2016-இல் தோர் இண்டஸ்ட்ரீஸ் வாங்கியது. கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் ஆகியனவும் தோர் குழுமத்தைச் சேர்ந்தவையே. ஃபாரஸ்ட் ரிவர் நிறுவனம் 2005 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே வசம் உள்ளது. கிராண்ட் டிசைன் நிறுவனத்தை 2016-இல் வின்னபேகோ வாங்கியது.

உதிரிப்பாகங்களிலும் இதே நிலைதான். அடிச்சட்டம், அச்சு, சன்னல், குளிர்பதனப் பெட்டி, வெப்பமூட்டி ஆகியவற்றைச் சில நிறுவனங்களே பல தயாரிப்பாளர்களுக்கும் வழங்குகின்றன. ஆகவே டிரெய்லர் தயாரிப்பு என்பது பெரும்பாலும் பொருத்திச் சேர்க்கும் தொழில். 'எங்கள் வண்டியில் இன்ன நிறுவனத்தின் அச்சு' என்று ஒரு விற்பனையாளர் பெருமை பேசினால், எதிர்வரிசையில் நிற்கும் வண்டியிலும் அதே அச்சு இருக்க வாய்ப்புண்டு.

ஃபாரஸ்ட் ரிவர் தயாரிக்கும் ராக்வுட் மினி லைட், ஃபிளாக்ஸ்டாஃப் மைக்ரோ லைட் என்னும் இரு வரிசைகள் இதற்குச் சிறந்த சான்று. ஒரே நிறுவனத்தின் இரட்டைப் பிள்ளைகள் அவை. வண்ணத்திலும் அலங்காரத்திலும் சிறு வேறுபாடுகள் இருக்கலாம். அறை அமைப்பும் கட்டுமானமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு பெயர்? ஒரு பகுதியில் ஒரு வணிகப் பெயரை விற்கும் உரிமையை ஒரே விற்பனையாளருக்கு வழங்குவது இத்துறையின் வழக்கம். பெயர் இரண்டானால் அதே பகுதியில் இரண்டு விற்பனையாளர்களை வைத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளருக்கு விற்பனை கூடுகிறது. வாங்குபவர் மனத்திலோ இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறோம் என்ற எண்ணம் உருவாகிறது.

போட்டியாளர்களின் வண்டிகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்குப் பொருளியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. ஹெரால்ட் ஹோட்டலிங் 1929-இல் எழுதிய கட்டுரையில், போட்டியாளர்கள் வாடிக்கையாளர் கூட்டத்தின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து ஒருவரையொருவர் ஒத்துப்போவார்கள் என்று காட்டினார். நடுத்தரக் குடும்பம் விரும்பும் நீளம், இரண்டடுக்குப் படுக்கை, பக்கவாட்டில் வெளித்தள்ளும் அறை ஆகியவை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். எல்லாரும் அதையே செய்கிறார்கள்.

எனவே விளம்பர ஏடுகள் இரண்டை வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுவதில் அதிகப் பயன் இல்லை.

முதலில் எடைக் கணக்கு

முதல் கேள்வி டிரெய்லரைப் பற்றியதன்று. அதை இழுக்கும் வாகனத்தைப் பற்றியது. வாகன விற்பனையில் 'இழுதிறன்' என்ற ஓர் எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள். பலரும் அந்த ஒற்றை எண்ணை நம்பி டிரெய்லர் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதற்கு முன்பே குறுக்கே வருவது வேறோர் எண். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு வில்லை ஒட்டப்பட்டிருக்கும். பயணிகளும் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அதுவே அந்த வாகனத்தின் சுமைதிறன்.

டிரெய்லரின் முன்முனை, வாகனத்தின் பின்புற இணைப்பின் மீது அழுந்துகிறது. அந்த அழுத்தமும் வாகனத்தின் சுமைதிறனில் அடங்க வேண்டும். பொதுவாக, சுமையேற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்முனையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்பின் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழக்கலாம். வாகனம் தாங்கும் அளவைவிட மிகுந்தால் அதன் பின்பகுதி அமிழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வாகனத்தின் இழுதிறன் 3,400 கிலோ. சுமைதிறன் 640 கிலோ என்று கொள்வோம். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 220 கிலோ. வாகனத்துக்குள் ஏற்றும் பெட்டிகள் 80 கிலோ. எடையைச் சமமாகப் பகிரும் இணைப்புக் கருவி 40 கிலோ. மீதம் இருப்பது 300 கிலோ. முன்முனை அழுத்தம் மொத்த எடையில் 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், சுமையேற்றிய டிரெய்லர் 2,500 கிலோவைத் தாண்டக்கூடாது. விளம்பரம் சொன்ன 3,400 எங்கே, கணக்கு சொல்லும் 2,500 எங்கே!

இப்போது ஒன்றுபோல் தோன்றும் இரண்டு டிரெய்லர்களை எடுத்துக்கொள்வோம். 'அ' என்பதன் வெற்று எடை 2,200 கிலோ. அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை 3,000 கிலோ. 'ஆ' என்பதன் வெற்று எடை 2,000 கிலோ. அதிகபட்சம் 2,500 கிலோ. குடும்பம் ஏற்றுவது தண்ணீர் 150 கிலோ, மின்கலம் 25 கிலோ, பாத்திரம், உணவு, உடை, நாற்காலி முதலியன 275 கிலோ; ஆக 450 கிலோ. 'அ' 2,650 கிலோ ஆகிறது. முன்முனை அழுத்தம் 318 கிலோ. வாகனம் தாங்காது. 'ஆ' 2,450 கிலோ. அழுத்தம் 294 கிலோ. தாங்கும். ஆனால் 'ஆ'வுக்கு அதன் சொந்த வரம்பை எட்ட 50 கிலோதான் மிச்சம். இரண்டு மிதிவண்டிகளையும் ஒரு மடிப்பு மேசையையும் உள்ளே ஏற்றினால் அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து, முகாமுக்குச் சென்று நிரப்பினால் 'அ'வும் சரியாக 2,500 கிலோவில் வந்து நிற்கும். ஆனால் தண்ணீர்க் குழாய் இல்லாத காட்டு முகாம்களுக்குச் செல்ல விரும்பும் குடும்பத்துக்கு அந்த வழி உதவாது. வலுவான வாகனம் உடையவருக்கோ 'அ'தான் சிறந்தது. அதே இரண்டு டிரெய்லர்கள். வாகனமும் பயன்பாடும் மாறினால் விடையும் மாறுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். டிரெய்லருக்காக வாகனத்தையே மாற்ற நேர்ந்தால் அந்தப் பழமொழி அப்படியே பலிக்கும்.

ஏட்டில் அச்சிட்ட வெற்று எடையை மட்டும் நம்பலாகாது. விருப்பத்தின்பேரில் சேர்த்த கருவிகளின் எடை அதில் அடங்காமல் போகலாம். குறிப்பிட்ட அந்த வண்டியில் ஒட்டப்பட்டுள்ள சுமை வில்லையைப் படிக்க வேண்டும். வாங்கிய பின் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில், முழுச் சுமையுடன் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது சில டாலர் செலவில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு.

நீளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மாடல் பெயரில் உள்ள எண்ணை வண்டியின் முழு நீளம் என்று கருதிவிடக் கூடாது. முன்னே நீண்டிருக்கும் இணைப்புத் தண்டையும் சேர்த்தால் சில அடிகள் கூடும். பழைய முகாம்கள் பலவற்றில் நீள வரம்பு உண்டு. ஓர் அடி வேறுபாடு, ஓரிடத்தில் நுழைவதா திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கலாம்.

நீரே முதல் எதிரி

டிரெய்லரின் ஆயுளைக் குறைப்பதில் முதலிடம் மழைநீர்க் கசிவுக்கே. ஓடும் வண்டி ஒவ்வொரு பயணத்திலும் குலுங்குகிறது. கூரையின் ஓரங்களிலும் சன்னல்களைச் சுற்றியும் பூசிய அடைப்புப் பசை விரிசல் விடுகிறது. அதன் வழியே நுழையும் நீர், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் மரத்தை உளுக்கச் செய்கிறது. கறை வெளியே தெரியும்போது சேதம் பெருகியிருக்கும்.

ஒத்த விலையுடைய இரண்டு மாடல்களில் கட்டுமானம் வேறுபடுவது இங்கேதான். ஒன்று மரச்சட்டத்தின் மீது நெளிவுள்ள அலுமினியத் தகடு அடித்தது; மற்றொன்று அலுமினியச் சட்டம், காப்பு நுரை, கண்ணாடியிழைத் தகடு ஆகியவற்றை ஒட்டி அழுத்திய சுவர் கொண்டது. இரண்டாவது வழவழப்பாகவும் பெரும்பாலும் எடை குறைந்தும் இருக்கும். விலை சற்றுக் கூடும். ஆனால் நீர் புகுந்து ஒட்டு விட்டுவிட்டால் சுவர் உப்பிக்கொள்ளும். சீரமைப்பது செலவு மிகுந்த வேலை. முதலாவதில் ஒரு தகட்டைக் கழற்றி, உளுத்த மரத்தை மாற்றிவிட முடியும். எனவே எது உயர்ந்தது என்று பொதுவாகத் தீர்ப்புக் கூற இயலாது. கூரையின்கீழ் நிறுத்தி வைக்கும் வசதியும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஏணி வைத்து ஏறிப் பசையைச் சோதிக்கும் பொறுமையும் இருந்தால் இரண்டுமே நீடிக்கும். இவை இல்லாதவருக்கு இரண்டுமே நீடிக்கா.

பக்கவாட்டில் வெளித்தள்ளும் அறையும் இப்படித்தான். நிறுத்திய இடத்தில் அது தரும் இடவசதி பெரிது. ஆனால் நகரும் ஒவ்வொரு பாகமும் எடையைக் கூட்டும். பழுதுக்கும் கசிவுக்கும் புதிய வாய்ப்பைத் திறக்கும். முதல் வண்டி வாங்குபவர், அது இல்லாத மாடலையும் ஒருமுறை உள்ளே சென்று பார்ப்பது நல்லது. டயர்களையும் நோக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். விற்பனையகத்தில் நெடுநாள் வெயிலில் நின்ற 'புதிய' வண்டியின் டயர் புதியதாக இருக்காது.

அதில் வாழ்ந்து பார்த்தல்

விற்பனையகத்தில் பத்து நிமிடம் சுற்றிவரும்போது கண்ணில் படுபவை விளக்கும் மெத்தை விரிப்பும்தான். ஒரு மணி நேரம் உள்ளே அமர்ந்து, ஒரு நாளின் வேலைகளை நடித்துப் பார்க்க வேண்டும். படுக்கையில் இருந்து ஒருவர் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டுமா? வெளித்தள்ளும் அறையை உள்ளே இழுத்திருக்கும்போது கழிப்பறைக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் செல்ல முடிகிறதா? நெடுஞ்சாலையோரம் நிறுத்தி மதிய உணவு எடுக்கும்போதுதான் இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

நம்மவர் சமையலுக்குத் தனியாகச் சில சோதனைகள் உண்டு. தாளிக்கும்போது எழும் புகையை அடுப்பின் மேலுள்ள விசிறி உண்மையில் வெளியே தள்ளுகிறதா, உள்ளேயே சுழற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். நடுத்தர டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு; அதாவது 3,600 வாட். ஏ.சி.யும் மைக்ரோவேவும் ஓடும்போது மின்குக்கரையும் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். மின்னிணைப்பு இல்லாத முகாமிலோ, நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வர்ட்டர் இல்லையெனில் சுவரில் உள்ள செருகு துளைகளால் பயன் இல்லை. அதுபோல நல்ல தண்ணீர்த் தொட்டியின் அளவைக் கேட்பவர்கள் கழிவுநீர்த் தொட்டியின் அளவைக் கேட்பதில்லை. மூன்று வேளையும் பாத்திரம் துலக்கும் குடும்பத்துக்கு முதலில் நிரம்புவது அதுதான். இரண்டு மாடல்களுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு சில சமயம் இந்த ஒரே எண்ணில் ஒளிந்திருக்கும்.

இவற்றையெல்லாம் அறிய மலிவான வழி, வாங்குவதற்கு முன் அதே அறை அமைப்புடைய ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்து மூன்று இரவுகள் தங்குவது. உரிமையாளர்களிடம் இருந்து வாடகைக்குப் பெற்றுத்தரும் இணையச் சேவைகள் அமெரிக்காவில் உள்ளன. சில நூறு டாலர் செலவாகும். பல்லாயிரம் டாலர் முடிவுக்கு அது வீண் செலவன்று, காப்பீடு.

விற்பவரும் கடனும்

ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தெரிந்த குறைகள் வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்கும் மோசமான சரக்கும் ஒரே விலைக்குப் போகும்; காலப்போக்கில் நல்ல சரக்கு சந்தையைவிட்டு விலகும் என்று அவர் விளக்கினார். அதே கட்டுரையில் இந்தியக் கடன் சந்தையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புதிய டிரெய்லருக்கும் இந்தச் சிக்கல் பொருந்தும். பெருமளவு கையால் பொருத்தப்படும் பொருள் இது. ஒரே மாடலில், ஒரே மாதத்தில் தயாரான இரண்டு வண்டிகளிலும் வேலைப்பாடு ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தேவை உச்சத்தில் இருக்கும் காலத்தில் அவசரமும் கூடும். கொரோனா காலமான 2021-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் விற்பனையாளர்களுக்கு அனுப்பிய பொழுதுபோக்கு வாகனங்கள் 6 லட்சத்தைத் தாண்டின. 2023-இல் அது சுமார் 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சரிந்தது. ஆகவே 'இந்த மாடல் நல்லதா' என்று கேட்பதைவிட, 'என் முன் நிற்கும் இந்த வண்டி நல்லதா' என்று கேட்பதே பொருத்தம். தண்ணீரை நிரப்பி ஒவ்வொரு குழாயையும் திறந்து, அடுப்பு, வெப்பமூட்டி, ஏ.சி., விளக்கு, கூரைச் சன்னல் அனைத்தையும் இயக்கிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். விற்பனையாளரைச் சாராத ஆய்வாளரை அமர்த்துவோரும் உண்டு. கண்டுபிடித்த குறைகளைச் சரிசெய்யும்வரை முழுப் பணத்தையும் தராமல் இருப்பதே வாங்குபவரின் ஒரே பேரம் பேசும் வலிமை.

பெரும்பாலான புதிய டிரெய்லர்களுக்கு அடிப்படை உத்தரவாதம் ஓராண்டு. அந்த ஓராண்டில் பழுதுபார்க்கப் போவது அருகில் உள்ள விற்பனையாளரின் பட்டறையில்தான். எங்கோ தொலைவில் 1,500 டாலர் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்தால், பிறரிடம் வாங்கிய வண்டிக்கு உள்ளூர்ப் பட்டறை கடைசி இடம் தரக்கூடும். கோடைகாலம் முழுவதும் வண்டி பட்டறையில் நின்றால், அந்த 1,500 டாலர் சேமிப்பு எதற்கு? ராக்வுட், ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற இரட்டையர்களுக்கு இடையே தேர்ந்தெடுப்பவர் வண்டியை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டு பட்டறைகளையும் ஒப்பிடுவதே அறிவுடைமை.

அடுத்தது கடன். அமெரிக்காவில் டிரெய்லருக்கு 10 ஆண்டு, 15 ஆண்டு, சில சமயம் அதற்கும் மேற்பட்ட தவணைக் கடன் கிடைக்கிறது. 'மாதம் 287 டாலர்தான்' என்று சொல்லும்போது எளிதாகத் தோன்றும். 30,000 டாலரை 8 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்குப் பெற்றால் தவணை அவ்வளவுதான். ஆனால் மொத்தமாகக் கட்டுவது ஏறத்தாழ 51,600 டாலர். ஐந்தாண்டு முடிவில் 17,200 டாலர் கட்டியிருப்போம். அப்போதும் சுமார் 23,600 டாலர் அசல் பாக்கியிருக்கும். இந்த ஐந்தாண்டுகளில் வண்டியின் சந்தை மதிப்பு வேகமாக இறங்கியிருக்கும். வீடு போல இது மதிப்பு கூடும் சொத்தன்று. பாக்கிக் கடன் வண்டியின் விலையைவிட அதிகமாக இருந்தால், விற்பதற்குக்கூடக் கையில் இருந்து பணம் போட வேண்டும். வேலை மாறி வேறு மாநிலம் செல்லவோ தாயகம் திரும்பவோ நேரும் குடும்பத்துக்கு இது உண்மையான இடர்.

இதனுடன் காப்பீடு, நிறுத்துமிட வாடகை, குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் உறையாத் திரவம் நிரப்பும் செலவு ஆகியவையும் சேரும். பல குடியிருப்புச் சங்கங்கள் வீட்டு வாசலில் டிரெய்லர் நிறுத்த அனுமதிப்பதில்லை. ஆண்டுக்கு எத்தனை இரவுகள் அதில் தங்கப்போகிறோம் என்று எழுதி, மொத்த ஆண்டுச் செலவை அந்த எண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும். பத்து இரவுகள் மட்டும் என்றால் வாடகை வண்டியோ விடுதி அறையோ மலிவாக இருக்கலாம். நாற்பது இரவுகள் என்றால் கணக்கு மாறும். மூன்று முதல் ஐந்தாண்டு பழைய, நன்கு பராமரித்த வண்டியையும் பட்டியலில் சேர்க்கலாம். மதிப்புச் சரிவின் செங்குத்தான பகுதியை முதல் உரிமையாளர் சுமந்துவிட்டார். நீர்க்கசிவு இல்லை என்று உறுதிசெய்வது நம் பொறுப்பு.

தேடலை எப்போது நிறுத்துவது?

எடைக் கணக்கில் ஒன்று தோற்றால் முடிவு அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதன்பின் அழகு, விலை எதையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டும் தேறினால் வண்டியின் நிலை, பட்டறையின் தரம், அறை அமைப்பு, கடன் என்ற வரிசையில் பார்க்கலாம். எல்லாவற்றிலும் இரண்டுமே தேறிவிட்டால் என்ன செய்வது?

ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் தகவலின் பொருளியலைப் பற்றி எழுதியபோது, தேடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை வலியுறுத்தினார். கூடுதலாகத் தேடுவதால் கிடைக்கும் ஆதாயம் அதற்கு ஆகும் செலவைவிடக் குறையும்போது தேடல் முடிய வேண்டும். ஹெர்பர்ட் சைமன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மனிதர்கள் மிகச்சிறந்ததைக் கண்டறியும் ஆற்றல் உடையவர்கள் அல்லர். போதுமான அளவு நல்லதைக் கண்டதும் நிறுத்திக்கொள்வதே நடைமுறை அறிவு என்றார். எல்லாச் சோதனைகளிலும் தேறிய இரண்டு டிரெய்லர்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் வேறுபாடு சிறியது. அது சிறியதாக இருப்பதால்தான் முடிவெடுக்கக் கடினமாக இருக்கிறது. அதே காரணத்தால், எதை எடுத்தாலும் இழப்பும் சிறியதே. வாரக்கணக்கில் குழம்புவதற்கு அங்கே வேலை இல்லை. குழந்தைகளிடம் விட்டுவிடலாம்; நாணயத்தைச் சுண்டியும் பார்க்கலாம்.

என் மாணவருக்கு நான் எழுதிய பதிலும் இதுதான்: முதலில் உங்கள் வாகனத்தின் கதவைத் திறந்து அந்த வில்லையில் உள்ள எண்ணைப் படியுங்கள். பிறகு இரண்டு விற்பனையாளர்களின் பட்டறைக்கும் சென்று, பழுதுபார்க்க எத்தனை நாள் ஆகிறது என்று அங்கே காத்திருக்கும் உரிமையாளர்களிடம் கேளுங்கள். இந்த இரண்டு விடைகளும் கிடைத்த பிறகு, 'இரண்டில் எது' என்னும் கேள்வி அநேகமாக எஞ்சியிருக்காது. எஞ்சியிருந்தால், இரண்டில் எதுவும் சரியே.